பட்டியலில் இல்லாத சத்தம்

கடலாராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கருவிப் பராமரிப்பாளர் என்று ஒரு பதவிப் பெயர் உண்டு. அடையாள அட்டையைத் தவிர அதை வேறு யாரும் சொன்னதில்லை. வாசல் காவலர் முதல் மாடியில் இருக்கும் இயக்குநர் வரை எல்லோரும் அவரைச் 'சடசட' என்றுதான் அழைத்தார்கள். நேரில் பேசும்போது கூடவே ஒரு 'சார்' போட்டுக்கொள்வார்கள். சடசட சார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்று பதினோரு வருடத்தில் அவரும் அலுத்துப்போயிருந்தார்.

அந்த நிலையத்தின் வேலை, விரிகுடாவின் அடியில் ஒரு மைக்கை இறக்கி வைத்துக் கடலைக் கேட்பது. மீன் உறுமும், டால்பின் விசிலடிக்கும், திமிங்கிலம் எப்போதாவது வழி தவறி வந்தால் பாடும். மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல, இதையெல்லாம் கேட்டுக் கடலுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் மைக்கை இறக்கிய முதல் நாள் காதில் விழுந்தது மீனும் இல்லை, டால்பினும் இல்லை. சடசடவென்று ஓயாத ஒரு சத்தம். கொதிக்கிற எண்ணெயில் யாரோ தண்ணீரைத் தெளித்துவிட்டு அடுப்படியை விட்டே போய்விட்ட மாதிரி, பகல் இரவு பார்க்காமல் அது பொரிந்துகொண்டே இருந்தது.

இயக்குநர் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கனெக்‌ஷன் லூஸ்," என்றார்.

அவர் இயக்குநர். ஆகவே கனெக்‌ஷன் லூஸ் என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. தினமும் காலை ஒன்பது மணிக்கு இயக்குநர் தேநீரோடு உட்கார்ந்து பத்து நிமிடம் கடலைக் கேட்பார். பிறகு ஒரு இளஞ்சிவப்புப் புகார்ச் சீட்டை எடுத்து எழுதுவார். 'இன்றும் சடசட. மிக அதிகம். உடனே கவனிக்க.' கீழே தேதி, நேரம், கையெழுத்து. மழை நாள், காய்ச்சல் நாள் எதுவானாலும் சீட்டு தவறாது. எழுதியதைக் கீழே கருவி அறைக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்குக் கடலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதியோடு செய்தித்தாளைப் பிரிப்பார்.

சடசட சார் சும்மா இருக்கவில்லை. கேபிளை மாற்றினார். இணைப்புகளைப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டினார். மைக்கை மாற்றினார், மைக்குக்கு ரப்பர் உறை போட்டார், நங்கூரத்தை நாற்பது அடி தள்ளிப் போட்டார். ஒவ்வொரு முறையும் படகிலிருந்து நனைந்துபோய் வந்து காதுக்கருவியை மாட்டினால் அதே சடசட. கழித்துப் போட்ட கேபிள்களைச் சுருட்டி, ஒவ்வொன்றிலும் 'கோளாறு' என்று சீட்டு ஒட்டிக் கிடங்கில் அடுக்கினார். சடசட விழுந்த பதிவுகளை வைத்திருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. மேலதிகாரிகள் வந்து கேட்டால் நிலையத்தின் மானம் போகுமாம். அவர் உத்தரவை மீறுகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அந்த வாரத்துப் பதிவு முழுவதையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. மனைவி வாணலியில் எதையாவது போட்டுப் பொரித்தால் போதும், எழுந்து போய் சுவரில் இருக்கும் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார். "அது எண்ணெய்ங்க," என்பாள் அவள், தலையைத் திருப்பாமலேயே. குடும்ப விசேஷங்களில் அவளுடைய அண்ணன் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "என்ன மாப்பிள்ளை, அந்த ஒயர் இன்னும் சரியாகலயா?" என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சடசட சாரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் படுத்துவிடுவார்.

ஐந்தாவது வருடம் விரிகுடாவுக்குத் தூர்வாரும் கப்பல் வந்தது. பெரிய சரக்குக் கப்பல்கள் உள்ளே வருவதற்காகக் கடலடியைத் தோண்டி ஆழப்படுத்தும் வேலை. அதன் இரைச்சலும் மைக்கில் விழத்தான் செய்தது. ஆனால் அது உரிமம் வாங்கிய கப்பல். உரிமம் பெற்ற சத்தத்தைக் கணினியே கழித்துவிட வேண்டும் என்பது விதி. சடசடவுக்கு யாரும் உரிமம் வாங்கித் தரவில்லை. அதனால் கப்பல் போட்ட சத்தம் கணக்கில் வராமலே போனது, சடசடவுக்கு மட்டும் சீட்டு வந்துகொண்டிருந்தது.

அந்தக் கப்பலுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நிலையத்தின் மைக் வேலை செய்ய வேண்டும். கடலுக்கு நூற்றுக்கு அறுபது மதிப்பெண்ணாவது கிடைத்து வருடா வருடம் சான்றிதழ் தரப்பட வேண்டும். மைக் பழுது என்று துறைத் தலைமையகத்துக்கு நகல் போனால், அது சரியாகும்வரை தோண்டக் கூடாது. நிலையத்தின் மானத்தை நினைத்து இயக்குநரின் சீட்டுகளுக்கு மட்டும் நகல் போனதில்லை. மதிப்பெண் போடும் முறையை வகுத்தவர்கள் பெரிய மேதைகள். கடலில் கேட்க வேண்டிய சத்தங்கள் இருபத்திரண்டு என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். பட்டியலில் இல்லாத எந்தச் சத்தம் கேட்டாலும் நூறிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். அந்த இருபத்திரண்டில் ஒன்றுகூடக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

கப்பல் வந்ததிலிருந்து புகார்ச் சீட்டுகள் குறைய ஆரம்பித்தன. 'மிக அதிகம்' என்பது 'அதிகம்' ஆனது. பிறகு 'பரவாயில்லை'. பிறகு வாரத்துக்கு ஒரு சீட்டு, மாதத்துக்கு ஒரு சீட்டு. சடசட சார் புதிதாகப் போட்ட கேபிளைத் தடவிக் கொடுத்தார். கடைசியில், பதினோராவது வருடம், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இயக்குநர் காதுக்கருவியை மாட்டினார். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தேநீர் ஆறி ஆடை படிந்தது. மாடிப்படியில் இறங்கிப் பழக்கமில்லாத அவர் தானே இறங்கிக் கருவி அறைக்கு வந்து சடசட சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சாதிச்சிட்டீங்க," என்றார்.

அந்த வருடம் விரிகுடாவுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண். மழை பெய்த சத்தம் பட்டியலில் இல்லாததால் இரண்டு போய்விட்டது. சான்றிதழ் வழங்க விழா எடுக்க முடிவாயிற்று. அதே மேடையில் சடசட சாருக்கு ஒரு பதக்கமும், பெயருக்கு முன்னால் 'முதுநிலை' என்ற சொல்லும். மனைவி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டாள். "முன் வரிசையில உக்காரணும், சொல்லிட்டேன்," என்றாள். சடசட சார் பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டார். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நிலையத்தில் புதிதாக ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் சேர்ந்தாள். வயது முப்பதுகூட இருக்காது. வந்த மறுநாளே அவளுக்கும் 'சின்ன மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் நேராகக் கருவி அறைக்கு வந்து, "கொஞ்ச நேரம் கேட்கலாமா சார்?" என்றாள். சடசட சார் பெருமையோடு காதுக்கருவியைத் துடைத்துக் கொடுத்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முகம் சுருங்கியது. ஒலியைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள்.

"மைக் ஆன்ல இருக்கா?"

"இருக்கு."

"இறால் எங்க?"

அவள் மதியச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று நினைத்து, கேன்டீன் இருக்கும் திசையைக் கையால் காட்டினார் சடசட சார்.

அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து சொன்னாள். பவளப்பாறை இடுக்கில் ஒரு சின்ன இறால் உண்டு. விரல் நீளம்கூட இருக்காது. அதற்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அதைப் படக்கென்று மூடினால் ஒரு சொடுக்குச் சத்தம் வரும். ஒரு பாறையில் லட்சக்கணக்கில் இருக்கும், எல்லாம் ஓயாமல் சொடுக்கிக்கொண்டே இருக்கும். பாறை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"கேட்டா எண்ணெயில தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கும் சார். சடசடன்னு," என்றாள்.

சடசட சாருக்குக் கோபம் வந்தது. நேற்று வந்த பெண், பதினோரு வருட வேலையை இறால் தலையில் கட்டிவிட்டுப் போகிறாளே என்று நினைத்தார். "அது கேபிள் கோளாறு மேடம். நான் சரி பண்ணியாச்சு. வேணும்னா விழாவுக்கு வாங்க, பதக்கம் குடுக்கறாங்க," என்று சொல்லி எழுந்துவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிடங்கைத் திறந்தார். முதல் வருடம் 'கோளாறு' என்று ஒதுக்கிய கேபிளையும் மைக்கையும், இப்போது ஓடும் புதுக் கேபிளோடு சேர்த்து வாங்கிய இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனார். பின்னாலேயே சின்ன மேடம் வந்து, கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். படகுக்காரர் பதினோரு வருடமாக இவரைக் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறவர்; எதையும் கேட்காத ஆள். நிலையத்தின் மிதவைக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தினார். சடசட சார் பழைய மைக்கை இறக்கினார். பழுதான கேபிள் என்றால் அது சடசடக்க வேண்டும். காதில் ஒன்றுமே விழவில்லை. தூரத்தில் தூர்வாரும் கப்பல் உறுமுவது மட்டும் மெல்லக் கேட்டது.

"முனையைச் சுத்திப் போங்க," என்றார்.

விரிகுடாவின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைக்கு அந்தப் பக்கம் இன்னும் யாரும் தோண்டாத கடல். போய்ச் சேர ஒரு மணி நேரம் பிடித்தது. அதே கேபிளை இறக்கி, காதுக்கருவியை மாட்டினார். சடசடசடவென்று காது நிறையக் கொட்டியது. அதை இழுத்துப் போட்டுவிட்டு, பதக்கம் வாங்கித் தரப்போகும் புத்தம் புதுக் கேபிளின் ஜோடியை இறக்கினார். அதிலும் அதே சடசட, இன்னும் துல்லியமாக.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க முடியாது. பதினோரு வருடமாக என் மேல் தப்பே இல்லை, என் கேபிள் எதுவும் கெட்டுப்போகவில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கின்றன என்று மனசு குதித்தது. அப்புறம்தான் விரிகுடாவின் நினைப்பு வந்தது. அங்கே இருந்த அத்தனையும் செத்துப்போயிருக்கின்றன. அவை சாகச் சாக இவர் கேபிளைத் தடவிக் கொடுத்திருக்கிறார். சந்தோஷப்பட்டதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். இயக்குநர் விழா அழைப்பிதழில் தன் பெயருக்கு எழுத்து சின்னதாக இருக்கிறதென்று போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "சொல்லுங்க," என்றார்.

"சார், அது கோளாறு இல்லைங்க. இறால் சத்தம். பாறை உயிரோட இருந்தப்ப வந்தது. இப்ப பாறை போயிடுச்சு, அதான் சத்தம் இல்ல."

"நம்ம பட்டியல்ல இறால் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி அது கடல் சத்தம் ஆகும்?"

சின்ன மேடம், பட்டியலில் சேர்க்கலாமே என்றாள். தாராளமாகச் சேர்க்கலாம், அதற்கு ஒரு குழு இருக்கிறது என்றார் இயக்குநர். குழுவின் தலைவர் ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் குழு கூட வேண்டும். தலைவர் இல்லாமல் குழு கூட முடியாது. "விதி அப்படி. நான் என்ன பண்ண?" என்று கையை விரித்தார். விரித்த கையோடு சின்ன மேடத்தின் பக்கம் திரும்பி, "ஆதாரம் இருந்தா கொண்டு வாம்மா. பழைய பதிவு ஏதாவது?" என்றார்.

படியில் இறங்கும்போது அவள் கேட்டாள். "பழைய பதிவு இருக்குமா?"

"அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"அழிக்கச் சொன்னாங்க. அழிச்சேன்." சடசட சார் நின்றுவிட்டார். பதினோரு வருடம் ஒரு பாறை உயிரோடு இருந்து போட்ட சத்தத்தை ஒரு வாரம்கூட விடாமல் அழித்தது தன் கைதான் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. படியிலேயே உட்கார்ந்தார். பிறகு, "சீட்டு இருக்கு," என்றார்.

நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் இயக்குநரின் புகார்ச் சீட்டு ஒவ்வொன்றையும் தேதி வாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேல். சின்ன மேடம் கிடங்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று நாள் அதைப் படித்தாள். மூன்றாம் நாள் தலையெல்லாம் தூசியாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாயில் 'சார்' போய் 'அண்ணே' வந்திருந்தது.

"அண்ணே, ஒரே ஆளு, ஒரே நேரத்துல, ஒரே இடத்தைக் கேட்டு, சத்தம் எவ்வளவுன்னு தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு வெச்சிருக்காரு. பதினோரு வருஷம். இந்த ஆபீஸ்ல ஒழுங்கா நடந்த ஆராய்ச்சி இது ஒண்ணுதான்."

சீட்டுகளை எண்ணி அவள் ஒரு கோடு வரைந்தாள். முதல் நாலு வருடம் உயரத்தில் நேராகப் போன கோடு, கப்பல் வந்த வருடத்தில் சரிய ஆரம்பித்து, இந்த வருடம் தரையைத் தொட்டிருந்தது. பாறை எப்போது நோயில் விழுந்தது, எப்போது கண்ணை மூடியது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இருவரும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனார்கள்.

இயக்குநர் அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது. சடசட சாருக்கு நம்பிக்கை பிறந்தது.

"பிரமாதம்," என்றார் இயக்குநர். "உங்க உழைப்பை இதவிட அழகா யாரும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் புகார் எப்படிக் குறைஞ்சிருக்கு பாருங்க. மேடையில உங்களுக்குப் பின்னால பெரிய திரையில போட்டுடலாம்."

சின்ன மேடம் வாயைத் திறந்தாள். சடசட சார் வேண்டாம் என்று தலையசைத்தார். இந்தக் கட்டடத்தில் இருபத்தேழு வருடம் இருந்தவர் அவர். இங்கே எது எடுபடும், எது எடுபடாது என்று அவருக்குத் தெரியும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவர் மேசைக்கு ஒரு படிவம் வந்தது. 'விரிகுடா நிலையத்தின் கருவி நல்ல நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்.' கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சான்றிதழ், விழா, பதக்கம். கப்பல் இன்னும் ஒரு வருடம் தோண்டும், அதுவும் முனையைத் தாண்டி அந்தப் பக்கம். அதற்கான வரைபடமும் படிவத்தோடு இணைக்கப்பட்டிருந்தது.

படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதியம் வீட்டுக்குப் போனார். மனைவி விழாவுக்கான சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருந்தாள். அவர் சாப்பிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னார். இறாலை, முனையை, திரையில் வரப்போகும் கோட்டை. கடைசியாகத் தான் செய்யப்போவதையும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க மேல தப்பு இல்லன்னு ஒருத்தராவது சொல்லணும்னு பதினோரு வருஷமா தவிச்சீங்க."

"ஆமா."

"இப்ப தப்பு இல்லன்னு நிஜமாவே தெரிஞ்சாச்சு. நீங்களே போயி, தப்பு என்னோடதுதான்னு எழுதிக் குடுக்கப் போறீங்க."

"வேற எது சொன்னாலும் அங்க நம்ப மாட்டாங்க. கருவி கெட்டுப்போச்சுன்னா மட்டும் உடனே நம்புவாங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பதக்கத்தை அவளும்தானே பதினோரு வருடம் எதிர்பார்த்திருக்கிறாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றாள். எழுந்து போய்ச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அன்று மூன்று மணிக்குச் சடசட சார் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே ஒரு புகார் எழுதினார். 'விரிகுடா மைக் பாதிச் செவிடு. தடித்த சத்தம் கேட்கிறது, நுண்ணிய சத்தம் கேட்கவில்லை. இந்த இடத்தில் சடசட சத்தம் உண்டென்று பதினோரு வருடம் மாண்புமிகு இயக்குநரே கைப்பட எழுதியிருக்கிறார். இப்போது அது கேட்கவில்லை. எனவே கருவியில் கோளாறு.' ஆயிரத்து ஐந்நூறு சீட்டையும் ஒரு சாக்கில் போட்டுக் கூடவே மாடிக்கு அனுப்பினார். நகலைத் துறைத் தலைமையகத்துக்கும் அனுப்பினார். விதிப்படி கோளாறு என்றால் நகல் அனுப்ப வேண்டும்.

இயக்குநர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் அந்த நிலையத்தின் சிறப்பு. இறால் என்றபோது ஆதாரம் கேட்டவர், கோளாறு என்றதும் எதையும் கேட்கவில்லை. "அதானே பார்த்தேன். இந்த ஆளு சரி பண்ணிட்டாருன்னு நானும் நம்பினேனே," என்று தலையில் அடித்துக்கொண்டார். தலைமையகத்திலிருந்து மறுநாளே உத்தரவு வந்தது. கருவி சரியாகும்வரை சான்றிதழ் கிடையாது. தோண்டும் வேலை நிறுத்தம்.

அரங்கம் பிடித்தாயிற்று, விருந்தினர் வந்தாயிற்று என்பதால் விழா மட்டும் நடந்தது. பதக்கத்தை மேடை மைக் கரகரக்காமல் பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்தார்கள். சடசட சாரிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'இருந்த சத்தத்தை யாருடைய அனுமதியில் நிறுத்தினீர்கள்? அதை உடனடியாக மீண்டும் வரவழைக்கவும்.'

வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் மைக்கைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் இயக்குநர் பதினோரு வருடம் பொய்யா எழுதினார் என்று தலைமையகம் கேட்டது. நிபுணர் இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். 'காரணம் புலப்படவில்லை, வேறு மைக் போடவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். வேறு மைக்கும் வந்தது. அதற்கும் காது கேட்கவில்லை. தூர்வாரும் கப்பல் ஆறு மாதம் நங்கூரம் போட்டுக் காத்திருந்துவிட்டு வேறு கடலைத் தோண்டப் போய்விட்டது.

அதற்குப் பிறகு சடசட சாரின் பெயர் கெட்டது கெட்டதுதான். ஒரு மைக்கைச் சரி செய்யத் தெரியாதவர் என்று பக்கத்து நிலையங்கள் வரை பரவிவிட்டது. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு விழுந்தது. சின்ன மேடம் இருபத்து மூன்றாவது சத்தத்துக்காக மாதம் ஒரு மனு எழுதி, தலைவர் இல்லாத குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். சடசட சார் வாரம் ஒரு முறை படகில் போய் மைக்கை 'ரிப்பேர்' செய்துவிட்டு வந்தார். போகும்போது ஒரு திருப்புளிகூட எடுத்துப் போகமாட்டார். காதுக்கருவியை மாட்டி ஒரு மணி நேரம் கேட்பார். வந்து, 'கோளாறு நீடிக்கிறது' என்று எழுதுவார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதால் நிம்மதியாகத்தான் எழுதினார்.

மூன்று வருடம் ஓடியது. கலங்கிக் கிடந்த தண்ணீர் தெளிந்து, படகுக்குக் கீழே பாறையின் நிழல் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு புதன்கிழமை முற்பகல், எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சடசட சார் திடீரென்று கையை உயர்த்தி அவரை அசையாதே என்று காட்டினார்.

ஒரு சொடுக்கு.

தன் காதுதானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு முதலாவது மறுபடியும், பதில் சொல்வதுபோல. அவ்வளவுதான். மொத்தம் இரண்டோ மூன்றோ இறால் இருக்கலாம். பதினோரு வருடம் எந்தச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தாரோ, அதைக் கேட்டு ஐம்பத்தாறு வயதில் சடசட சார் படகின் பலகையில் உட்கார்ந்து தேம்பி அழுதார்.

படகுக்காரர் கயிற்றைக் கீழே வைத்தார். "சரியாயிடுச்சா சார்?"

சடசட சார் மூக்கைச் சிந்தினார். சரியாகிவிட்டது என்று எழுதினால் கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்றாகும். நல்ல நிலையில் இருந்தால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால் கப்பல் வரும். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, தொடைமேல் வைத்து, 'கோளாறு நீடிக்கிறது' என்று எழுதினார். இந்த முறை அது பொய். அந்தப் 'பாதிச் செவிட்டை'க் கழித்தால், இருபத்தேழும் மூன்றும் முப்பது வருட வேலையில் அவர் எழுதிய முதல் பொய்.

"இன்னும் இல்ல," என்றார்.

படகுக்காரர் அவருடைய நனைந்த முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். 'சரியாயிடுச்சா' என்பதற்கு மேல் எதையும் கேட்காத அந்த மனிதர் பதினாலு வருடத்தில் முதல் முறையாக வேறு ஒன்று கேட்டார்.

"உங்களுக்கு ரிட்டையர் ஆக எத்தனை வருஷம் சார் இருக்கு?"

"நாலு."

"அப்புறம் வர்றவரு உங்களை மாதிரி இல்லாம, வேலை தெரிஞ்சவரா வந்துட்டா?"

சடசட சார் காதுக்கருவியைக் கழற்றவில்லை. கீழே யாரோ இன்னொரு முறை சொடுக்கினார்கள்.

"எனக்கும் அதுதான் பயமா இருக்கு," என்றார்.